ஒருபக்கக் கூர்

முன்னே தள்ளும்போது ஒரு சத்தம், பின்னே இழுக்கும்போது வேறொரு சத்தம், கல்லின் மேல் தண்ணீர் கறுத்துக் கறுத்து ஓரமாக வழிகிறது, பால்கனித் தரையில் ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன், இடது கையின் இரண்டு விரல்கள் கத்தியின் மேல், வலது கை பிடியில், ஒரு பக்கம் மட்டும், ஒரு பக்கம் மட்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு தேய்க்கிறேன், ஐம்பத்தைந்து வயதில் ஒரு மடக்குக்கத்தியைத் தீட்டுவதற்கு இவ்வளவு பயப்படுகிறவள் இந்த ஓசூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், கை கொஞ்சம் அசந்தால் போதும், பழக்க தோஷத்தில் மறுபக்கம் திருப்பிவிடும், இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் திருப்பிய கைதானே இது, உள்ளே மாதம்மாள் பூண்டு உரிக்கிறாள், என் வீட்டுக்காரரின் தங்கை, கண்ணில் புரை எடுத்து எட்டு நாளாகிறது, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கறுப்புக் கண்ணாடியும் மடியில் முறமுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அங்கிருந்தே, என்னாண்ணி சத்தம் அது என்றாள், ஒண்ணுமில்ல மாது, கத்தி தீட்டறேன் என்றேன், எந்தக் கத்தி என்றாள், காய் நறுக்கறது என்றேன், பார், உண்மையைச் சொல்லத்தான் இந்தக் கத்தியையே பெட்டியிலிருந்து எடுத்தாய், எடுத்ததும் முதல் வார்த்தையே பொய், உன் வாயை என்ன செய்தால் தகும்.

காய் நறுக்குகிற கத்தி இல்லை இது. தேக்குப் பிடி, பித்தளை ஆணி இரண்டு, பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் மூன்று விரல் நீள அலகு, போன புரட்டாசியில் என் வீட்டுக்காரர் செத்தபோது அவர் சட்டைப் பையில் இருந்தது, வேட்டியைச் சட்டையை எல்லாம் யார் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள், இதை மட்டும் நான் யாருக்கும் காட்டவில்லை, பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினேன், திருடியவள் ஒளிப்பதைப் போலத்தான் ஒளித்தேன். அவர் பெயர் திம்மராயன், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர்களில் அவர் கைக்கு ஒரு பேர் இருந்தது, கொட்டையிலிருந்து முளைத்த செடியின் தலையைச் சீவி, நடுவே பிளந்து, நல்ல ஜாதி மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சரித்துச் சீவி, அந்தப் பிளவில் செருகுவார், செருகினால் நடுவில் ஒரு மயிர் போகக் கூடாது, எதிரே மாதம்மாள் உட்கார்ந்து பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிச் சுற்றிக் கட்டுவாள், மேலே ஒரு சின்னக் கவரைக் கவிழ்ப்பாள், அண்ணன் வெட்ட தங்கை கட்ட, எட்டு வருடம் அப்படித்தான் நடந்தது, இருபது நாள் கழித்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து துளிர்த்து நிற்கும், வெட்டியவரை யாரும் பாராட்ட மாட்டார்கள், மாது கை பட்டா வெறகுக் கட்டயும் துளுக்கும் என்பார்கள், முருங்கைக் கொம்பு நடுவதென்றால் அவளைக் கூப்பிடுவார்கள், புது வீட்டில் பால் காய்ச்ச, அவரை விதை போட, பிள்ளைக்கு முதல் சோறு ஊட்ட, எல்லாவற்றுக்கும் அவள் கை வேண்டும், நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து நட்ட ரோஜாக் குச்சி இரண்டு தடவை காய்ந்தது, மூன்றாவது குச்சியை மாதம்மாள் வந்து அதே குழியில் செருகிவிட்டுப் போனாள், பூத்தது, எனக்கு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றையும் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

கத்தியைத் தொடக் கூடாது, அது ஒன்றுதான் எனக்கு அந்த வீட்டில் இருந்த சட்டம். கூட வேலை செய்கிறவர்கள், திம்மராயன் சொத்தை எழுதிக் குடுத்தாலும் குடுப்பான், கத்திய மட்டும் குடுக்க மாட்டான் என்று கேலி செய்வார்கள், அவர் சிரித்துக்கொள்வார், சனிக்கிழமை காலையில் தொட்டியோரம் கல்லை நனைத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தீட்டுவார், எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடுகிற தோளும் இந்தச் சத்தமும்தான், எப்படித் தீட்டுகிறார் என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை, தருமபுரியில் என் அப்பா இளநீர் விற்றவர், எங்கள் வீட்டில் அரிவாளோ கத்தியோ எதுவானாலும் இந்தப் பக்கம் பத்துத் தேய், அந்தப் பக்கம் பத்துத் தேய், அம்மா ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து அதன் அடியில் காய்க் கத்தியைத் தீட்டுவாள், ஒரு பக்கம் தீட்டிவிட்டு எழுந்தால் அரைவேலைக்காரி என்று திட்டு விழும், அப்படித் திட்டு வாங்கி வளர்ந்தவள் நான், கத்தி என்றால் இரண்டு பக்கம் என்றுதான் எனக்குத் தெரியும், இதைக் கோர்ட்டில் வேண்டுமானால் சொல்லலாம், தள்ளுபடி செய்து அனுப்பிவிடுவார்கள், குற்றம் இதில் இல்லை, குற்றம் அப்புறம் வருகிறது.

அந்த வருடம் மாசியில் மாதம்மாளின் புருஷன் செத்துப்போனான், நாலே நாள் காய்ச்சல், அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, பதினாறாம் நாள் கழித்து அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள், ஆனி மாதம் ஒட்டுக் கட்டுகிற காலம் வந்தது, நர்சரி முதலாளி தயங்கித் தயங்கித்தான் பேசினார், தங்கச்சி இந்த வருசம் வேணாமே திம்மா, நாலு பேர் ஒரு மாதிரி பேசறாங்க என்றார், என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், கை அதே கைதானுங்களே, தாலிய எறக்கினதுல கையில என்னா கொறஞ்சு போச்சு என்று கேட்டுவிட்டார், முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார், எனக்கு என் மனுஷனை நினைத்துப் பெருமையாக இருந்தது, இன்றைக்கும் அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கும்பிடலாம் என்று தோன்றும், தோன்றி முடிப்பதற்குள் மற்றது ஞாபகம் வந்துவிடும். வேலை ஆரம்பிக்கிற வாரம் அவருக்குக் காமாலை கண்டது, கண் இரண்டும் மஞ்சள், எழுந்தால் தலை சுற்றல், மாதம்மாள் விடிந்ததும் கீழாநெல்லி பறித்து வந்து அரைத்து மோரில் கலக்கி ஒரு டம்ளர் கொடுப்பாள், படுக்கையிலிருந்தே அவர் சொன்னார், இந்தத் தடவ வெட்டறதையும் மாதுவே செய்யட்டும், எட்டு வருசம் எதிர்ல உக்காந்து பாத்தவ, அவளுக்கு வரும், என் சட்டையில கத்தி இருக்குது, எடுத்து அவகிட்ட குடு. என்னிடம் சொன்னார். ஆறு வருடம் தொடாதே என்று சொன்ன மனுஷன், எடுத்து அவளிடம் கொடு என்கிறார், என் கை அதற்கு ஒரு பாதை, அவ்வளவுதான்.

எடுத்தேன், விரித்தேன், அவர் பத்து நாள் படுக்கையில் கிடந்ததில் மாம்பால் காய்ந்து கறுப்புப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது, நுனியில் துரு, அவர் தூங்கிக்கொண்டிருந்தார், மத்தியானம் மணி இரண்டு இருக்கும், மாதம்மாள் தண்ணீருக்குப் போயிருந்தாள், தொட்டியோரம் கல் இருந்தது, ஏன் செய்தாய் என்று என்னை நானே எத்தனை முறை கேட்டிருப்பேன், பொறாமையிலா, இல்லை, கெடுக்க வேண்டும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை, அவர் எழுந்து வந்து இதை யார் இவ்வளவு நன்றாகத் தீட்டியது என்று கேட்பார், நான்தான் என்பேன், அதற்காகத்தான், புருஷனிடம் ஒரு சபாஷ் வாங்குவதற்காக, கல்லை நனைத்து உட்கார்ந்தேன், ஒரு பக்கம் ஏற்கெனவே சரிவாகத் தேய்ந்திருந்தது, அதைத் தீட்டினேன், திருப்பினால் மறுபக்கம் கண்ணாடி மாதிரி தட்டையாகக் கிடக்கிறது, சரிவே இல்லை, இந்த மனுஷன் பாதி வேலை செய்து இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாகச் சிரித்தேன், அந்தத் தட்டைப் பக்கத்தையும் சாய்த்து வைத்து அரை மணி நேரம் தேய்த்தேன், போதாதென்று ஊறுகாய் ஜாடியின் அடியிலும் இழுத்தேன், ஒரு தலைமுடியைப் பிடித்து வைத்தேன், இரண்டாகப் போயிற்று, என்ன ஒரு சந்தோஷம், மாதம்மாள் வந்ததும் நீட்டினேன், கீழ வைங்கண்ணி, கத்தியக் கையில குடுத்தா ஒறவு அறுந்துபோவும் என்றாள், தரையில் வைத்தேன், எடுத்தாள், புதுசு மாதிரி இருக்குதே, நீங்களா தீட்டினது என்றாள், தொடக் கூடாத கத்தி, அவர் காதில் விழுந்தால் என்ன சொல்வாரோ, சபாஷ் வாங்குகிறவரைக்கும் மூடி வைப்போம் என்று, இல்ல மாது, உங்க அண்ணன் படுக்கறதுக்கு முன்னாடி தீட்டி வெச்சது என்றேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணன் தீட்டிய கத்தி, அதில் குறை இருக்குமா, அதனால் அவள் குறையைத் தன் கையில் தேடினாள்.

முதல் நாள் சாயங்காலமே சொன்னாள், கை கால் கழுவிக்கொண்டே, ஆப்பு சரியா உக்கார மாட்டேங்குது அண்ணி, எப்படிச் சீவினாலும் நடுவுல வயிறு மாதிரி உப்பிக்கினு நிக்குது, எனக்குக் கைப்பழக்கம் இல்ல போல, என்றாள், போகப் போகப் பழகிடும் மாது என்று நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், அண்ணனக் கேக்கட்டுமா என்றாள், அதுவே தூங்குது பாவம், வேணாம் என்று அவளே சொல்லிக்கொண்டாள், அறுநூறு செடி, பதினைந்து நாள், இழுத்து இழுத்துக் கட்டினாள், நாடா பதிந்து விரல் இடுக்கெல்லாம் வெட்டு, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள், இருபது நாள் கழித்து முதலாளி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவர் கையில் இரண்டு செடி இருந்தது, குச்சி கரிந்து, தொட்டதும் பிளவிலிருந்து கழன்று விழுந்தது, என் வீட்டுக்காரர் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தார், திம்மா, நான் அப்பவே சொன்னேன், நீதான் கேக்கல, பக்கத்துப் பாத்தியில மத்தவங்க கட்டினது அத்தனையும் துளுத்து நிக்குது, இவ கட்டினது மட்டும் கருகிப்போச்சு, தாலி எறங்கின கைதான்யா அது, இதுக்கு மேல என்னா சாட்சி வேணும் என்றார், இவர் அந்தச் செடியை வாங்கிப் பிளவைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார், கத்திய எடுத்துக்கினு வா என்றார் என்னிடம், கொண்டுபோய்த் தரையில் வைத்தேன், விரித்தார், கட்டைவிரலால் ஒரு பக்கம் தடவினார், திருப்பினார், மறுபக்கம் தடவினார், விரல் அங்கேயே நின்றது, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் எத்தனையோ தடவை மறக்கப் பார்த்தேன், கோபம் இல்லை, திட்டு இல்லை, கணக்குப் போடுகிற மாதிரி ஒரு பார்வை, என் பொண்டாட்டி கெடுத்துவிட்டாள் என்று சொன்னால் முதலாளி நாளைக்கு என்னையும் வர வேண்டாம் என்பார், வெட்டுகிற கத்தியைப் பெண்டாட்டியிடம் விளையாடக் கொடுத்தவன் என்று ஊர் சிரிக்கும், தங்கச்சி பெயர் ஏற்கெனவே பாதி கெட்டதுதான், அப்படி நினைத்திருப்பாரோ, நான்தான் நினைத்துக்கொள்கிறேன், அவர் சொன்னதில்லை, கத்தியை மடக்கினார், டக் என்று ஒரு சத்தம், சரிங்க, இனிமே அவ செடியில கை வெக்க மாட்டா என்றார். கை அதே கைதானே என்று கேட்ட வாய். வாசல்படியில் மாதம்மாள் நின்றுகொண்டிருந்தாள், கையில் கீழாநெல்லி டம்ளர், எப்போது வந்தாளோ, டம்ளரைப் படியிலேயே வைத்தாள், இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள், திரும்பிப் போய்விட்டாள், அந்தக் கை அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியில்தான் அவர் கண்ணில் மஞ்சள் இறங்கியது, அதை யாரும் ராசிக் கணக்கில் சேர்க்கவில்லை, நான் என்ன செய்தேன், என் வாயில் என்ன கொழுக்கட்டையா, அந்த நிமிடம் எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் மத்தியானமே புரிந்துவிட்டது, அவர் தொட்டியோரம் உட்கார்ந்தார், சனிக்கிழமைகூட இல்லை, இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை, என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நான் சாய்த்துத் தேய்த்த அந்தப் பக்கத்தைக் கல்லின் மேல் படுக்க வைத்து, பொழுது சாய்கிற வரைக்கும் தேய்த்துத் தேய்த்துப் பழையபடி தட்டையாக்கினார், உடம்பெல்லாம் வேர்த்து மூச்சு வாங்கியது, எழுந்திருக்கும்போது, இதுக்கு ஒரு பக்கந்தான், அப்பத்தான் வெட்டு தட்டையா விழும் என்றார், அவ்வளவுதான், செத்துப்போகிற வரைக்கும் அதைப் பற்றி அவர் பேசிய பேச்சு அது ஒன்றுதான், அடித்திருந்தால் தேவலை, அடித்திருந்தால் சத்தம் கேட்டு அவள் வந்திருப்பாள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே படுத்துத் தூங்கின. மாதம்மாள் புளி தட்டுகிற கொடவுனுக்குப் போனாள், புளிக்கு ராசி வேண்டாம், ஓட்டை உடை, கொட்டையைத் தட்டு, நாரை இழு, எந்தக் கையானால் என்ன, விரலெல்லாம் கறுத்துப் புளித்து, சோற்றைப் பிசையும்போது எரிகிறது என்பாள், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே படுப்பேன், பொங்கல் முடியட்டும், அவள் மனசு தேறட்டும், நான் உண்டாகியிருக்கிறேன், பிரசவம் ஆகட்டும், சாக்குக்கா பஞ்சம், என் மகள் பிறந்தாள், ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி நீட்டினேன், மாதம்மாள் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை, என் கை வேணாம் அண்ணி, நல்லா இருக்கட்டும் கொழந்த என்று சொல்லிக் குனிந்து குனிந்து முகத்தை மட்டும் பார்த்தாள், மூச்சுக் காற்று படுகிற தூரம், தொடவில்லை, அப்போதாவது சொல்லியிருக்கலாமே, சொல்ல வாய் திறந்தேன், கட்டிலின் அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார், மூடிக்கொண்டேன், மகள் கல்யாணத்தில் பந்தக்கால் நடும்போது ஓடிப்போய்ச் சமையல் கொட்டகையில் நின்றுகொண்டாள், கறிவேப்பிலைச் செடியில்கூட இலை கிள்ள மாட்டாள், நீங்களே கிள்ளிக் குடுங்க என்பாள், முதலில் ஊர் சொன்னது, பிறகு ஊர் மறந்துவிட்டது, அவள் மறக்கவில்லை, ஊர் சொன்னதைத் தூக்கிக்கொண்டு இருபத்தாறு வருடம் அவளே நடந்தாள், எல்லோரும் மறந்த பிறகும் கையை ஒளித்துக்கொண்டிருந்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் ஊசி போடக் கையை நீட்டும்மா என்றபோது, கை எதுக்கும்மா, வேற எடத்துல போடக் கூடாதா என்று கேட்டாள், அந்தப் பெண் சிரித்தாள், நான் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அழுகிறவளுக்கென்ன, அழுதுவிட்டு இட்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்தப் பால்கனியில் பெயிண்டு வாளியில் ஒரு மாஞ்செடி இருக்கிறது, போன வருடம் பழம் தின்றுவிட்டுப் போட்ட கொட்டை, பென்சில் தடிப்புக்கு வந்திருக்கிறது, காலையில் அடுத்த தெருவில் ஒரு செந்தூரா மாமரத்திலிருந்து கேட்டு ஒரு குச்சி வாங்கிவந்தேன், ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம் மட்டும், கடைசியாகத் தட்டைப் பக்கத்தைப் படுக்க வைத்து இரண்டே இழுப்பு, பிசிறு போவதற்கு, போதும், தலை நிமிர்ந்தால் மாதம்மாள் சுவரைத் தடவிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், காய் நறுக்கறதுன்னு சொன்னீங்களே, இது அண்ணன் கத்திதானே என்றாள், எப்படித் தெரியும் மாது என்றேன், எத்தன வருசம் கேட்ட சத்தமாச்சே, ஒரே பக்கந்தான் போயிக்கினு இருக்குது, அண்ணனும் அப்படித்தான் தேய்க்கும் என்றாள், ஏன்னு தெரியுமா என்றேன், தெரியாதண்ணி என்றாள், சொன்னேன், நிற்கவைத்தே சொன்னேன், உட்காரச் சொன்னால் தைரியம் போய்விடும் என்று, நாந்தான் தீட்டினேன் மாது, அண்ணன் இல்ல, ரெண்டு பக்கமும் தீட்டினேன், அதனாலதான் ஆப்பு உப்பிக்கினு நின்னுது, உன் கை இல்ல, கத்தி, நான், தெரிஞ்சும் சொல்லல, இத்தன வருசமா சொல்லல என்றேன்.

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பிப் போகிற வரைக்கும் மாதம்மாள் நின்றாள், பிறகு முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்து, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையைப் பார்த்தாள், அப்ப என் கை நல்ல கைதானா அண்ணி என்றாள். கேள்விதான் அது, பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டாள், நல்ல கைதான் மாது, நல்ல கைதான் என்றேன், உங்க பொண்ண நான் தூக்கவே இல்லியே என்றாள், என்னைப் பார்க்காமல், ஒருவாட்டிகூடத் தூக்கலியே என்றாள், காலில் விழலாம் என்று குனிந்தேன், வேணாம் என்று ஒதுங்கினாள், உட்கார்ந்தாள், சுவரில் சாய்ந்துகொண்டு, அண்ணனுக்குத் தெரியுமா இது என்று கேட்டாள். அவர் கட்டைவிரல் மறுபக்கத்தில் நின்றது, நிமிர்ந்து பார்த்தது, டக் என்று மடக்கியது, எல்லாம் ஒரு கணம் என் கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அவளுக்கென்று இருந்தது ஒரு அண்ணன், கை அதே கைதானே என்று கேட்ட அண்ணன், வருடம் திரும்பினால் அவருக்குத் திதி வருகிறது, இவள்தான் விரதம் இருக்கப்போகிறாள், தெரியாது மாது என்றேன், தெரிஞ்சிருந்தா சும்மா வுட்டிருப்பாரா. அதானே, என்றாள். அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா வுட்டிருக்காது, என்றாள், முகம் கொஞ்சம் தெளிந்தது, அந்தத் தெளிவைப் பார்த்ததும் நான் கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டேன், அவளுக்காகத்தான் சொன்னேனா, அவருக்காகவா, இல்லை, ஒரே நாளில் இரண்டு உண்மை சொல்ல எனக்குத் தெம்பில்லையா, தெரியவில்லை.

கத்தியைத் துடைத்துத் தரையில் வைக்கப் போனேன், கையிலயே குடுங்க என்றாள், நீட்டிய கையில் கொடுத்தேன், வாளியை நாற்காலியின் மேல் தூக்கி வைத்தேன், அவள் குனியக் கூடாதே, பாதி கண்ணாலும் பாதி விரலாலுமாகச் செடியின் தலையைச் சீவினாள், பிளந்தாள், குச்சியை இந்தப் பக்கம் ஓர் இழுப்பு, அந்தப் பக்கம் ஓர் இழுப்பு, சீவிய முகத்தை நாக்கில் தொட்டுப் பார்த்தாள், தட்டையா விழுது அண்ணி என்றாள், சிறுபிள்ளை சொல்கிற மாதிரி, செருகினாள், இடைவெளி இல்லை, பால் கவரைக் கிழித்து நாடாவாக்கிக் கொடுத்தேன், சுற்றினாள், விரல்கள் இருபத்தாறு வருடம் சும்மா இருந்த விரல்களாகவே தெரியவில்லை, முடித்துவிட்டுக் கத்தியைத் திருப்பித் தரும்போது என் கையில் தரவில்லை, நான் நீட்டியிருந்தேன், அவள் என் கையைத் தாண்டித் தரையில் வைத்தாள், உறவு அறுந்துவிடக் கூடாது என்றா, இனி உன் கையில் தர மாட்டேன் என்றா, நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கில்லை, இருபது நாள் ஆவும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய், முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், கறுத்த தண்ணீர் ஓரத்தில் காய்ந்து கோடாகிவிட்டது, கத்தியை எடுத்துப் பார்க்கிறேன், ஒரு பக்கம் நான் தீட்டிய சரிவு, திருப்பினால் அவர் அன்றைக்கு மூச்சு வாங்க வாங்கத் தேய்த்துத் தட்டையாக்கிய பக்கம், அதில் என் கண் ஒன்று தெரிகிறது, உள்ளேயிருந்து அவள் குரல் வருகிறது, அண்ணன் இருந்திருந்தா இன்னிக்கு எவ்ளோ சந்தோசப்பட்டிருக்கும் இல்லண்ணி என்கிறாள், ஆமாம் மாது என்கிறேன், கத்தியை மடக்குகிறேன், டக் என்கிறது, அவர் மடக்கிய அதே சத்தம்.